ரோமப் பேரரசு கிறித்தவத்தைப் பரப்பியதா, பேரரசை மீறி அது பரவியதா?

குமாரகிரி எழுதியது:

மன்றத்து அன்பர்களுக்கு வணக்கம். சேலத்தில் நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி வரலாறு படித்துப் பேசி வருகிறோம். போன மாதக் கூட்டத்தை ஏற்காட்டில் ஓர் அன்பரின் வீட்டில் வைத்துக்கொண்டோம். பொருள் ரோமப் பேரரசு. கூட்டத்தில் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், திரும்பி வரும்போது பேருந்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

ஒரு கட்சியின் வாதம் இது: பேரரசர் கான்ஸ்டன்டைன் மதம் மாறினார், பின்னால் வந்தவர்கள் ஆணை பிறப்பித்தார்கள், மன்னன் எவ்வழியோ மன்னுயிரும் அவ்வழியே போயிற்று, அவ்வளவுதான் கதை. மற்றக் கட்சியோ, முந்நூறு ஆண்டுகள் சிங்கத்துக்கும் நெருப்புக்கும் இரையாக்கிய பேரரசைத் தியாகிகளின் இரத்தமே வென்றது, அரசுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்றது. அடிவாரத்தை நெருங்கும்போது மூன்றாவதாக ஒருவர், “நம் ஏற்காட்டையே பாருங்கள், வெள்ளைக்காரன் வந்தான், காப்பி வந்தது, மிஷன் பள்ளிக்கூடம் வந்தது. ரோமிலும் இப்படித்தான் நடந்திருக்கும்” என்று முடித்துவிட்டார். அந்த ஒப்பீடு எனக்கு ஏனோ உறுத்தலாகவே இருக்கிறது. எங்கே தவறு என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஊர் ஊராக எத்தனையோ தெய்வங்களை ஏற்றுக்கொண்ட ரோமர்கள், இந்த ஒரு கூட்டத்தை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்ளவில்லை? கான்ஸ்டன்டைனுக்கு முன்பு பேரரசு உண்மையில் என்ன செய்தது, பின்பு என்ன செய்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அஸ்தம்பட்டி ஆசிரியர் எழுதியது:

அன்புள்ள குமாரகிரி, பேருந்தில் இருந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். பேரரசு என்பதை ஒரே மனமும் ஒரே கையும் உடைய ஓர் ஆளாகக் கருதிக்கொண்டு, அந்த ஆள் வளர்த்தானா அடித்தானா என்று கேட்கிறார்கள். சாலை போட்ட பேரரசு ஒன்று, நீதிமன்றம் நடத்திய பேரரசு ஒன்று, அஞ்சி நடுங்கி ஆணையிட்ட பேரரசு ஒன்று. இவை மூன்றும் ஒன்றையொன்று கலந்துகொண்டு வேலை செய்யவில்லை.

முதலில் சாலை. படைகளும் வரியும் போய்வருவதற்காக ரோமர்கள் அமைத்த வழிகளில்தான் தொடக்கக் காலக் கிறித்தவப் போதகர் பவுலும் அவரைப் போன்றவர்களும் நடந்தார்கள், கப்பலேறினார்கள். அந்தியோக்கியா, எபேசு, பிலிப்பி, தெசலோனிக்கே, கொரிந்து என்று அவர் போன ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், பெரும்பாலும் துறைமுகங்களும் பெருவழிச் சந்திப்புகளுமாகவே இருக்கும். கிழக்குப் பகுதி முழுவதும் கிரேக்கம் பொதுமொழியாகப் புழங்கியது. யூதர்களின் மறைநூல் முன்பே கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. ஊருக்கு ஊர் யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்தது. புதிய செய்தியோடு வந்தவருக்கு இறங்க ஓர் இடம், பேச ஒரு மொழி, சுட்டிக்காட்ட ஒரு நூல் ஆகிய மூன்றும் ஆயத்தமாக இருந்தன. இவற்றில் எதையும் ரோமர்கள் கிறித்தவத்துக்காகச் செய்யவில்லை.

அடுத்தது நீதிமன்றம். கொரிந்துவில் பவுலைப் பிடித்துக்கொண்டுபோய் அகாயா மாநில ஆளுநர் கல்லியோனின் முன் நிறுத்தினார்கள். அவர் தத்துவ அறிஞர் செனக்காவின் அண்ணன். டெல்பியில் கிடைத்த கல்வெட்டொன்றின் துணையால் அவருடைய பதவிக்காலம் கி.பி. 51, 52 வாக்கில் என்று உறுதியாகிறது. உங்கள் வேதச் சண்டையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று வழக்கைத் தள்ளிவிட்டார். பின்னாளில் வேறொரு வழக்கில் சிக்கியபோது, ரோமக் குடியுரிமை பெற்றிருந்த பவுல் பேரரசரிடமே முறையிட்டு, அரசுக் காவலிலேயே ரோம் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். பழைய தமிழ் வேதாகமத்தில் இந்த இடம் ‘இராயனுக்கு அபயமிடுகிறேன்’ என்று வரும். சீசரை நம் முன்னோர் விசயநகரத்து இராயராக மாற்றிக்கொண்ட அழகை நினைத்து நான் இன்றும் வியப்பதுண்டு.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். 64-இல் ரோம் நகரம் எரிந்தபோது நீரோ கிறித்தவர்கள் மீது பழியைப் போட்டுக் கொடுமையாகக் கொன்றதை ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியிருக்கிறார். அது தலைநகரத்தோடு நின்றுவிட்ட வெறியாட்டம். நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் அதிலிருந்து பிறந்ததாகத் தெரியவில்லை. உண்மையான நிலைமையைக் காட்டுவது கருங்கடல் கரையில் பித்தினியா மாநிலத்தை ஆண்ட பிளினி, பேரரசர் டிராஜனுக்கு 112 வாக்கில் எழுதிய கடிதம். இந்தக் கடிதத்தை உங்கள் கூட்டத்தில் முழுவதுமாகவே படித்துக் காட்டுங்கள்.

பிளினி குழப்பத்தில் இருக்கும் ஒரு மாவட்ட அதிகாரி. கிறித்தவன் என்ற பெயருக்காகவே தண்டிப்பதா, செய்த குற்றத்துக்காகத் தண்டிப்பதா என்று கேட்கிறார். தன் முன் கொண்டுவரப்பட்டவர்களை மூன்று முறை கேட்டாராம். அப்போதும் ஆம் என்றவர்களைப் பிடிவாதத்துக்காகவே கொல்லச் சொன்னாராம். ரோமக் குடிமக்களாக இருந்தவர்களைத் தலைநகருக்கு அனுப்பப் பட்டியலிட்டாராம். பிறகு பெயர் போடாத மொட்டைக் கடிதாசி ஒன்று வருகிறது, அதில் ஏகப்பட்ட பெயர்கள். மறுத்தவர்களைப் பேரரசர் சிலைக்குச் சாம்பிராணியும் திராட்சரசமும் படைக்கச் சொல்லிச் சோதித்து விடுவிக்கிறார். உண்மையை அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்கிறார். அந்தக் கூட்டத்தில் அவர்கள் பணியாளர் என்ற பொறுப்பை வகித்தவர்கள். விடிவதற்கு முன் கூடுவோம், கிறிஸ்துவைப் பாடுவோம், திருடுவதில்லை, பிறன்மனை நாடுவதில்லை என்று உறுதி எடுப்போம், பிறகு சேர்ந்து உண்போம் என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த உணவையும் ஆளுநர் சங்கங்களுக்குத் தடை விதித்த பிறகு நிறுத்திவிட்டார்களாம். நகரத்தில் மட்டுமல்ல, சிற்றூர்களிலும் இது தொற்றிவிட்டது, கோயில்கள் வெறிச்சோடின, பலியிறைச்சி வாங்க ஆளில்லாமல் போயிற்று, இப்போதுதான் மறுபடி விற்கிறது என்று முடிக்கிறார். இறைச்சி வியாபாரம் படுத்துப்போனதைப் பேரரசருக்கு எழுதும் அளவுக்கு ஒரு சிறு கூட்டம் வளர்ந்திருந்தது என்பதைக் கவனியுங்கள்.

டிராஜனின் பதில் சில வரிகள்தான். தேடிப் பிடிக்க வேண்டாம். யாராவது முறைப்படி குற்றஞ்சாட்டி மெய்ப்பித்தால் தண்டிக்கவும். மறுத்து நம் தெய்வங்களை வணங்கினால் மன்னித்துவிடவும். மொட்டைக் கடிதாசியை ஏற்கக் கூடாது. குற்றவாளி என்றால் ஏன் தேடவில்லை, குற்றமற்றவன் என்றால் ஏன் தண்டிக்கிறீர்கள் என்று பின்னாளில் கார்த்தேஜ் நகரத்துக் கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதைப் பார்த்துக் கேலி செய்தார். ஆனால் இந்த அரைகுறை ஆணைதான் நூறாண்டுக்கும் மேலாகக் கிறித்தவர்களின் நிலையைத் தீர்மானித்தது. அடி விழும், ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஊர்க்காரர்களின் கோபத்தைப் பொறுத்து விழும்.

ஏன் பொறுத்துக்கொள்ளவில்லை என்றால், இரண்டு காரணங்கள் எனக்குப் படுகின்றன. ஒன்று, சங்கம் சேர்வதைக் கண்டாலே ரோம ஆட்சிக்கு இருந்த அச்சம். இதே பிளினி, நிகோமீடியா நகரில் பெருந்தீ பரவிய பிறகு, 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு ஒன்றை அமைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, எந்தப் பெயரில் கூடினாலும் நாளடைவில் அது அரசியல் கூட்டமாகிவிடும் என்று டிராஜன் மறுத்துவிட்டார். வீடு எரிந்தாலும் பரவாயில்லை, ஆட்கள் கூடக் கூடாது! அப்படிப்பட்டவர்களுக்கு விடியற்காலையில் கூடி உறுதிமொழி எடுக்கும் கூட்டம் எப்படித் தெரிந்திருக்கும்?

மற்றக் காரணத்தைத் தமிழர்களாகிய நமக்கு விளக்கவே வேண்டியதில்லை. சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு விழா எடுக்கும்போது ஊரே அதில் சேர்கிறது. சிற்றூர்களில் தலைக்கட்டு வரி வைத்துத்தான் திருவிழா நடக்கிறது. ஒரு தெருவே வரியும் தரமாட்டோம், கூழும் குடிக்கமாட்டோம், உங்கள் சாமி சாமியே அல்ல என்று சொன்னால், அந்த ஆண்டு மழை பொய்த்தபின் பேச்சு எந்தப் பக்கம் திரும்பும்? ரோமர்களுக்குச் சமயம் என்பது உள்ளத்து நம்பிக்கை அன்று, ஊர்ப்பொதுக் கடமை. யூதர்களும் மறுத்தார்கள்தான்; ஆனால் அது அவர்களின் முன்னோர் வழி என்பதால் விட்டுக்கொடுத்தார்கள். கிறித்தவர்களோ முன்னோர் வழியை விட்டு வெளியேறியவர்கள். டைபர் ஆறு பெருகினாலும் நைல் ஆறு பெருகாவிட்டாலும் கிறித்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு என்கிறீர்களே என்று தெர்த்துல்லியன் புலம்பியது இதைத்தான்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன மூன்றாவது பேரரசை, அஞ்சி நடுங்கி ஆணையிட்ட பேரரசை, அவர் தொடாமல் விட்டுவிட்டார். அதைப் பற்றி என் தொழில் வழியாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் கொலுசுப் பட்டறைக்காரன். படிப்பு குறைவு. ஆனால் வெள்ளியைக் கையில் எடுத்தால் எத்தனை டச், அதாவது எவ்வளவு தூய்மை, இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

பழைய காசு சேர்க்கும் அன்பர் ஒருவர் எங்கள் பட்டறைக்கு வருவார். ஒருநாள் திபேரியு பேரரசரின் வெள்ளிக்காசு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் மன்னரின் தலை; சுற்றிலும், தெய்வமான அகுஸ்துவின் மகன் திபேரியு என்று பொருள்படும் எழுத்துகள். மறுபக்கம் கோலும் கிளையும் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். பக்கத்தில் தலைமைப் பூசாரி என்ற பட்டம். வரிக்காசைக் கொண்டுவரச் சொல்லி, இது யாருடைய உருவம், யாருடைய மேலெழுத்து என்று இயேசு கேட்டதாக வரும் கதையில் அந்தக் காசு இந்த வகைதான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அதே அச்சுக் காசுதான் கொங்கு நாட்டுப் புதையல்களிலும் மிகுதியாகக் கிடைக்கிறது. வெள்ளலூர், கரூர், கத்தாங்கண்ணி என்று நம் பக்கத்து ஊர்களில் கிடைத்தவற்றில் பெரும்பகுதி அகுஸ்து, திபேரியு இருவருடையவை. பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்ததாக அகநானூறு சொல்லும் யவனர் கொண்டுவந்த காசுகள். அந்தக் காசு பாலத்தீனத்து மீனவனிடமும் இருந்திருக்கலாம், நொய்யல் கரை வணிகனிடமும் இருந்தது.

ஏன் அந்த இருவர் காசு மட்டும் இவ்வளவு என்றால், எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது புதிர் அன்று. நீரோ 64 வாக்கில் காசின் எடையையும் டச்சையும் குறைத்துவிட்டார். சரக்குக் கலப்படமானது தெரிந்தால் எந்த வியாபாரியும் பழைய சரக்கைத்தான் கேட்பான். அதன்பின் ஒவ்வொருவராகச் செம்பைக் கூட்டிக்கொண்டே போய், 268 வாக்கில் வெள்ளிக்காசு என்று பெயர் கொண்டதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. வெறும் செம்புக்கு வெள்ளிப் பூச்சு. ஒரு நாட்டின் காசு அந்த நிலைக்கு வந்ததென்றால் உள்ளே எல்லாமே உளுத்துவிட்டது என்று பொருள். எல்லையில் கோத்தியர், பாரசீகர், உள்ளே கொள்ளைநோய், ஆண்டுக்கொரு பேரரசர்.

அந்த நெருக்கடியின் தொடக்கத்தில்தான் பேரரசர் டேசியஸ் வந்தார். 249 முடிந்து 250 தொடங்கும் வேளையில், நாட்டிலுள்ள அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்தின் மணலில் நாற்பதுக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் அப்படியே கிடைத்திருக்கின்றன. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் படைத்தேன், உண்டேன், இதற்குக் கையொப்பமிட்டுத் தருமாறு வேண்டுகிறேன் என்று எழுதியிருக்கும். நம் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது போலவே இருக்கிறது. அவற்றில் ஒன்று முதலைத் தெய்வத்தின் பூசாரியாக இருந்த ஒரு பெண்மணி வாங்கியது. கோயில் பூசாரியே தான் சாமி கும்பிடுகிறவள் என்று சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது என்றால், அந்த ஆணை கிறித்தவர்களை மட்டும் குறிவைத்தது என்று சொல்ல முடியாது. பயந்துபோன அரசு எல்லாரையும் வரிசையில் நிறுத்தியது, மாட்டிக்கொண்டவர்கள் இவர்கள்.

குமாரகிரி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் செவ்வாய்ப்பேட்டை அண்ணனுக்கும் மிக்க நன்றி. முதலைத் தெய்வத்துப் பூசாரியின் சான்றிதழ் ஒன்று போதும், எங்கள் கூட்டத்தை அரை மணி நேரம் பிடித்து வைக்க. இன்னும் ஒரு ஐயம். சாலையும் மொழியும் எல்லாச் சமயத்துக்கும் பொதுவாகத்தானே இருந்தன? எகிப்தின் ஐசிஸ் வழிபாடும் பாரசீகச் சாயல் கொண்ட மித்ர வழிபாடும் அதே சாலைகளில்தானே பரவின? இது மட்டும் ஏன் நிலைத்தது? ஏற்காட்டு ஒப்பீட்டைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை.

காப்பித்தோட்டம் எழுதியது:

நான் ஏற்காட்டில் இருப்பவள் என்பதால் அந்த ஒப்பீட்டுக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இம்மலையில் காப்பியைக் கொண்டுவந்தார் என்பதும், மலைமேல் மிஷன் பள்ளிகள் வந்தன என்பதும் உண்மைதான். ஆனால் வெள்ளைக்காரன் ஆட்சி தொடக்கத்தில் மிஷனரிகளை விரும்பவே இல்லை. வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் அவர்களுக்கு இடம் தர மறுத்தது. வில்லியம் கேரி டேனிஷ்காரர்களின் செராம்பூரில்தான் தங்க வேண்டியிருந்தது. 1813-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே கதவு திறந்தது. சேலத்தில் லண்டன் மிஷன் 1827-இல் வந்தது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1623-இல், தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்ட ராபர்ட் டி நொபிலி சேலத்துக்கு வந்தபோது இங்கே ஆட்சி நடத்தியவர்கள் நாயக்கர்கள்.

ஆனாலும் ஒப்பீடு பிழையாவது வேறோர் இடத்தில். இங்கே ஆட்சி செய்தவனின் மதம் ஆளப்பட்டவனிடம் வந்தது. ரோமிலோ, ஆளப்பட்ட ஒரு மூலை மாநிலத்தில், ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் ஆணைப்படி அடிமைக்கும் கலகக்காரனுக்கும் உரிய சிலுவைச் சாவு அடைந்த ஒருவரைப் பற்றிய செய்தி, கீழிருந்து மேலே ஏறி, ஆட்சி செய்தவனிடம் போய்ச் சேர்ந்தது. இதைத் தலைகீழாக்கிவிட்டால் கான்ஸ்டன்டைனுக்கு முந்தைய முந்நூறு ஆண்டும் காணாமல் போய்விடும். பேருந்தில் உங்களுக்கு உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐசிஸ், மித்ர வழிபாடுகளைப் பற்றி: மித்ர வழிபாட்டில் பெண்களுக்கு இடமில்லை, பெரும்பாலும் படைவீரர்களும் சிறு அதிகாரிகளும் சேர்ந்த குகைக் கூட்டங்கள். ஐசிஸை வணங்கியவர் வேறெந்தத் தெய்வத்தையும் விடவேண்டியதில்லை. ஆகவே அவருக்கு வேறொரு குடும்பம் தேவைப்படவில்லை. கிறித்தவத்தில் சேர்ந்தவரோ ஊர்த் திருவிழாவையும் ஊர் விருந்தையும் இழந்தவர். அந்த இழப்புக்கு ஈடாக ஏதாவது கிடைத்தாக வேண்டும். கிடைத்தது. 251 வாக்கில் ரோம் நகர ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதத்தில், தம் சபையில் 46 குருக்கள் இருப்பதாகவும், 1500-க்கும் மேற்பட்ட கைம்பெண்களுக்கும் ஏழைகளுக்கும் சபை சோறு போடுவதாகவும் குறிப்பிடுகிறார். தடை செய்யப்பட்ட ஒரு கூட்டம், டேசியஸின் ஆணை ஓய்ந்த சூட்டோடு, தலைநகரத்தில் அத்தனை பேருக்கு உணவு கொடுத்துக்கொண்டிருந்தது!

அதே ஆண்டுகளில் பரவிய கொள்ளைநோயைப் பற்றி அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியஸ் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் நோயாளியை உயிர் போகும் முன்பே தெருவில் தள்ளிவிட்டு ஓடினார்களாம். தம் மக்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, தாமும் செத்தார்களாம். தம் கட்சியைப் புகழ்ந்து எழுதியது என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் எதிரியின் வாக்குமூலமும் இருக்கிறது. 361 முதல் 363 வரை ஆண்டு, பழைய வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன், கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறித்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நாம் நம்மவர்களைக் கவனிக்காமல் இருப்பது வெட்கம் என்று கடிந்துகொள்கிறார். நோயாளிக்குக் கஞ்சியும் தண்ணீரும் வேளாவேளைக்குக் கொடுத்தாலே பலர் பிழைத்துக்கொள்வார்கள் என்பது நோயாளியோடு இருந்து பார்த்த எவருக்கும் தெரியும். பிழைத்தவர்கள் யார் பக்கம் போயிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திருமணிமுத்தாறு எழுதியது:

மதிப்புக்குரிய காப்பித்தோட்டம் அம்மையார் சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனாலும் இத்திரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்கிறது என்பதால் எழுதுகிறேன். கஞ்சி ஊற்றிய கதையோடு நிறுத்திவிட்டால் குமாரகிரி பாதியைத்தான் சொன்னவராவார்.

303-இல் பேரரசர் டயோக்ளீஷியன் தொடங்கிய கடுமையான ஒடுக்குமுறை, 311-இல் அதில் முன்னின்ற கலேரியஸே சாகும் தறுவாயில் ஆணையிட்டு நிறுத்தியதோடு தோற்றது. 313-இல் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் மிலானில் உடன்பட்டு, பறித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, எல்லாரும் அவரவர் விருப்பப்படி வணங்கலாம் என்றார்கள். அந்த ஆணை கிறித்தவத்தை அரசு மதமாக்கவில்லை. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். கிறித்தவர்கள் அப்போது மக்களில் பத்தில் ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் மதிப்பீடு. மீதி ஒன்பது பங்கு எப்படி மாறியது என்பதுதான் பேருந்தில் முதல் கட்சிக்காரர் கேட்ட கேள்வி. அதற்கு இதுவரை யாரும் முகம் கொடுக்கவில்லை.

பணமும் பதவியும் முதலில் வேலை செய்தன. கான்ஸ்டன்டைன் பெருங்கோயில்களைக் கட்டிக் கொடுத்தார். குருமார்களுக்கு ஊர்ச் சுமைகளிலிருந்து விலக்களித்தார். பழைய கோயில்களின் பொன்னை எடுத்துக்கொண்டார். 325-இல் நிசேயா கூட்டத்துக்கு ஆயர்களை அரசு அஞ்சல் வண்டிகளிலேயே வரவழைத்தார். அவர் மகன் காலத்தில் ஆயர்கள் கூட்டம் கூட்டமாக வாதம் செய்யப் போய்வந்ததில் அஞ்சல் துறையின் நரம்பே அறுந்துவிட்டது என்று அம்மியானஸ் என்ற வரலாற்றாசிரியர் எரிச்சலோடு எழுதியிருக்கிறார். ஆசிரியர் ஐயா சொன்ன அதே சாலைகள்தாம். ஆனால் இப்போது வண்டியும் குதிரையும் அரசுடையவை.

பிறகு சட்டம் வந்தது. 380-இல் பேரரசர் தியோடோசியஸ் வெளியிட்ட ஆணை முதலில் குறிவைத்தது மாற்றுக் கொள்கையுடைய கிறித்தவர்களைத்தான். 385-இல் பிரிசில்லியன் என்ற ஆயரைக் கிறித்தவப் பேரரசர் ஒருவரே டிரியர் நகரில் கொல்லச் செய்தார்; ஆயர்களில் சிலர் அதைக் கண்டித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 392-இல் வந்த சட்டத்தை நான் மறக்கவே முடியாது. வீட்டுத் தெய்வத்துக்கு விளக்கேற்றக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது, மாலை தொங்கவிடக் கூடாது, மரத்தில் துணிநாடா கட்டக் கூடாது; சாம்பிராணி புகைந்த வீடோ நிலமோ அரசுக்குப் போய்விடும். சேர்வராயன் மலை ஊர்களில் நடந்துபோகிறவர்கள், துணி முடிந்த மரத்தைப் பார்க்கும்போது அந்தச் சட்டத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பலிமேடைக்கு முன் தொழுதவன் குற்றவாளி என்பது டேசியஸுக்குத் தலைகீழான சட்டம். ஆனால் அதே கை எழுதியது போல இருக்கிறது.

செனட் மன்றத்திலிருந்து அகற்றிய வெற்றித் தெய்வத்தின் பீடத்தைத் திரும்ப வைக்கக் கோரி 384-இல் பழைய வழிபாட்டைச் சேர்ந்த சிம்மாக்கஸ் எழுதிய விண்ணப்பத்தில், அத்தனை பெரிய மறைபொருளை ஒரே வழியில் சென்று அடைந்துவிட முடியாது என்றார். விண்ணப்பம் தள்ளப்பட்டது. கொடுமைக்கு ஆளானவர்கள் ஆட்சிக்கு வந்ததும் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்று என்னால் எழுத முடியவில்லை.

அஸ்தம்பட்டி ஆசிரியர் எழுதியது:

திருமணிமுத்தாறு ஐயா சொன்னதை மறுப்பதற்கில்லை. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். சட்டம் எழுதியதும் நாடு மாறிவிடவில்லை. அதே தடையை அடுத்தடுத்து வந்தவர்கள் திரும்பத் திரும்பப் பிறப்பித்துக்கொண்டே இருந்தார்கள். அடிக்கடி போடப்படும் சட்டம் கடைப்பிடிக்கப்படாத சட்டம் என்பது அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த அனைவருக்கும் தெரியும். பழைய வழிபாட்டுக்காரரைக் குறிக்கும் இலத்தீன்ச் சொல்லின் மூலப்பொருளே நாட்டுப்புறத்தான் என்பதுதான். நகரம் மாறி நெடுங்காலத்துக்குப் பின்னும் மலையும் காடும் மாறவில்லை. 529 வாக்கில் பெனடிக்ட் என்ற துறவி மடம் அமைக்கப் போன மோன்டே காசினோ மலைமேல், சுற்று வட்டார மக்கள் அப்போலோவுக்குப் படையலிட்டுக்கொண்டுதான் இருந்தார்களாம். தியோடோசியஸின் சட்டத்துக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்பும், ரோம் நகருக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையிலேயே!

அரசின் ஆதரவு ஊறு செய்த இடமும் உண்டு. ரோமுக்கு வெளியே, பாரசீகத்தில் கிறித்தவர்கள் நெடுநாளாகவே இருந்தார்கள். கான்ஸ்டன்டைன் கிறித்தவரான பிறகு, அவர்களெல்லாம் எதிரி நாட்டுக்கு வேண்டியவர்கள் என்ற ஐயத்தில் இரண்டாம் ஷாப்பூர் மன்னர் 340 வாக்கிலிருந்து அவர்களைக் கொன்று குவித்தார். அந்தக் கொலைகளைத் தாண்டியும் கீழைச் சபை வளர்ந்தது. ஆறாம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர்கள் இருந்ததைக் காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர் பதிவு செய்திருக்கிறார். நம் பக்கத்து மலைகளுக்கு அப்பால் இருந்த அந்தச் சபைக்கு ரோமப் பேரரசர் எவரும் சாலை போடவில்லை, ஆணையும் பிறப்பிக்கவில்லை. முதல் கட்சிக்காரரிடம் இதைக் கேளுங்கள், குமாரகிரி.

குமாரகிரி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பேச்சை எப்படித் தொடங்குவது என்று இப்போது தெளிவாகிவிட்டது. பிளினியின் கடிதம், முதலைத் தெய்வத்துப் பூசாரியின் சான்றிதழ், 392-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றையும் மூன்று பேரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லப் போகிறேன். கட்சி பிரிவதென்றால் அதன்பிறகு பிரியட்டும். செவ்வாய்ப்பேட்டை அண்ணன் அந்தத் திபேரியு காசின் படத்தை மட்டும் அனுப்ப முடியுமா?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி எழுதியது:

காசுக்கார அன்பரிடம் கேட்டு இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன், தம்பி. தலைப்பக்கம் நிறையத் தேய்ந்துவிட்டது. பேரரசர் பெயர் பாதிக்கு மேல் படிக்க வரவில்லை. மறுபக்கத்தில் தலைமைப் பூசாரி என்ற பட்டத்தில் ‘மாக்சிம்’ என்ற எழுத்துகள் மட்டும் பளிச்சென்று நிற்கின்றன. கான்ஸ்டன்டைனும் சாகும்வரை அந்தப் பட்டத்தை விடவில்லை. கிராஷியன் என்ற பேரரசர்தான் பிறகு வேண்டாம் என்றார். நெடுங்காலம் கழித்து அதே பட்டம் ரோம் நகரத்துப் போப்பாண்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததாம். உங்கள் கூட்டத்தில் இதையும் சொல்லுங்கள்.